கடனை அடை

"வீட்டை அடமானம் வச்சுடலாங்க" என்றாள் மனைவி, மின்விசிறியைக் குறைச்சுடலாங்க என்கிற அதே குரலில்.

சந்தேகம் சாரின் கையில் இருந்த காபி தளும்பி லுங்கியில் கொட்டியது. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவருக்கு. ஒரு காற்புள்ளியைக்கூட மேலும் கீழும் முறைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். எழுத்தைத்தான் அப்படிப் பார்ப்பார். புத்தகம் என்ன சொல்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அச்சகத்தில் வைத்த பெயர்தான் சந்தேகம் சார். அது வீடு வரைக்கும் வந்துவிட்டது.

"வச்சு?"

"கடனை அடையணும்."

"நமக்குத்தான் கடனே இல்லையே!"

"அதாங்க பிரச்சனை" என்று ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். அட்டையில் கொட்டை எழுத்தில் 'கடனை அடை!' என்று இருந்தது. "வெற்றியை அடையற மாதிரி கடனையும் அடையணுமாம். ஏழை கடனை அடைப்பான், பணக்காரன் கடனை அடைவான். ராஜா சார் எழுதியிருக்கார்."

அந்த ஆசிரியரை எதிரிகள் கடன்காரன் என்றார்கள், அடியார்கள் ராஜா என்றார்கள். யார் மனசும் நோகக்கூடாது என்று அவர் 'கடன்ராஜா' என்றே வைத்துக்கொண்டார். புத்தகம், புத்தகத்தை விளக்க ஒரு வகுப்பு, அந்த வகுப்பில் சேரத் தகுதி தருகிற இன்னொரு வகுப்பு என்று தொழில் அமோகமாக நடந்தது.

"இந்தச் சின்னத்தைப் பாரு" என்று அட்டையின் மூலையைத் தட்டினார் சந்தேகம் சார். "தூண்டில் முள்ளு! கீழே வளையம் வேற. மீன் யாரு? நாமதான்."

"அது கம்மலுங்க. ஐஸ்வர்யத்தோட அடையாளம்."

அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. போலீஸ் ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையிலாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டினார்.

வீடு ஒன்றும் மாளிகை இல்லை. இரண்டு அறை, மழை வந்தால் ஒழுகுகிற சமையலறை. ஆனாலும் பெட்டி படுக்கையோடு வாடகை வீடு வாடகை வீடாக அலைந்த காலம் இன்னும் அவர் முதுகில் வலித்தது. இந்த வீடு போனால் அவர் உடைந்துபோவார். நல்லவேளை, வீடு இருவர் பெயரிலும் இருந்தது. அவர் கையெழுத்துப் போடாமல் வங்கி அசையாது.

முதலில் அவர் பழைய செய்தித்தாள்களைத் துழாவி, கடன்ராஜாவின் கம்பெனிகள் வரிசையாகத் திவாலான கதையைக் கொண்டுவந்து நீட்டினார்.

மனைவியின் முகம் மலர்ந்தது. "அடேயப்பா! இத்தனை தடவை கவுத்தும் மறுபடி நம்பிக் கொடுத்திருக்காங்கன்னா, மனுஷனுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கணும்!" என்று அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

அடுத்து மச்சானைக் கூப்பிட்டார். கணக்காளர், கறார் பேர்வழி. தங்கைக்குப் புத்தி சொல்லுங்கள் என்றதும், "ஓட்டையைக் கண்டுபிடிச்சுட்டு வரேன்" என்று புத்தகத்தை வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது சட்டைப் பையின் மேல் அந்தத் தூண்டில் முள் மின்னியது.

"ஓட்டை எங்கே இருக்கு, மச்சான்?"

"நம்ம மூளையிலதான், மாப்பிள்ளை. நான் என் வீட்டை நேத்தே வச்சுட்டேன்."

இனி ஆளையே நேரில் மடக்கினால்தான் ஆச்சு என்று பட்டது அவருக்கு.

"அவன் கூட்டத்துக்கே வரேன். நாலு பேர் முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். முழிச்சான்னா, நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"முழிக்கலைன்னா?"

"கையெழுத்துப் போடறேன். போதுமா?"

அவள் வங்கியின் அடமானப் பத்திரத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மண்டபத்தில் நாற்காலி உறை, காகிதக் கோப்பை, பலூன் எல்லாவற்றிலும் தூண்டில் முள். பக்கத்து நாற்காலியில் அவருடைய அச்சகத்து டைப்செட்டிங் அம்மா அசடு வழியச் சிரித்தாள். இவளுமா என்று நொந்துகொண்டே அவர் கையைத் தூக்கினார். மைக் வந்தது.

"கடனை அடைன்னா திருப்பிக் கொடுன்னுதான் அர்த்தம். அதை வாங்குன்னு திரிச்சுச் சொல்லிக்கொடுத்த அயோக்கியன் யாரு?"

மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். கடன்ராஜா முழிக்கவில்லை. மேடைப் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்படி ஒருத்தர் கேட்க மாட்டாரான்னு காத்திருந்தேன். முதல்ல நான் எழுதினது கடனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ற புத்தகம்தான். தலைப்பும் இதேதான். விற்காதுன்னு பதிப்பாளரே தலையில அடிச்சுக்கிட்டார். அச்சகத்துல இருந்து பிழை திருத்தி வந்துச்சு. தலைப்புக்குப் பக்கத்துல யாரோ பென்சில்ல கேட்டிருந்தாங்க: 'அடைப்பதா, அடைவதா?' கூடவே ஒரு கேள்விக்குறி. அடியில புள்ளிக்குப் பதிலா குட்டி வட்டம். எனக்குப் பொறி தட்டிடுச்சு! மொத்தப் புத்தகத்தையும் தலைகீழா மாத்தி எழுதினேன். அந்தக் கேள்விக்குறிதான் இந்தச் சின்னம். அந்த மகான் யாருன்னுதான் இன்னி வரைக்கும் தெரியலை."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. சந்தேகம் சார் மேடைக்குப் பின்னால் தொங்கிய தூண்டில் முள்ளைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த பென்சிலை மெல்ல உள்ளே அழுத்தினார்.

"சார்!" என்று துள்ளினாள் டைப்செட்டிங் அம்மா. அவர் கையில் மைக் இன்னும் உயிரோடு இருந்தது. "புள்ளி வைக்கிற இடத்துல வட்டம் போடறது நம்ம அச்சகத்துலயே நீங்க ஒருத்தர்தானே!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு பக்தியோடு மனைவி அவரைப் பார்த்ததே இல்லை.

"என்னங்க... அது உங்க கையெழுத்தா?"

அவர் தலை தானாக ஆடியது.

கைப்பையைத் திறந்துகொண்டே அவள் சொன்னாள். "அப்ப இதுலயும் ஒண்ணு போடுங்க."