முப்பத்து மூன்று வெள்ளிக்கிழமைகளும் ஒரு சின்ன நாற்காலியும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. உன் உடம்பையும் அத்தான் உடம்பையும் முதலில் விசாரித்துக்கொள்கிறேன். இங்கே என் இடுப்பைத் தவிர எல்லாரும் நலம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய். கடிதத்தைப் படித்து எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது. மேலும் இது முடிவெடுத்தாகிவிட்ட விஷயம். லிஃப்ட் பழுது பார்க்கிறவன் எதையும் எழுதிக் கையெழுத்துப் போடாமல் முடிப்பதில்லை.

முடிவு இதுதான். உன் மருமகளை இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிடப் போகிறேன். உன் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு ஒரு விண்ணப்பப் படிவம் வாங்கி உடனே அனுப்பு. அவள் உன் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும். அவளைப் பார்க்காமல் நான் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை, ஆனாலும் முடிவு முடிவுதான்.

காரணம் கேள். இங்கே வெள்ளிக்கிழமைதோறும் காலையில் பாராட்டுக் கூட்டம் நடக்கும். வகுப்புக்கு ஒரு பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள், பெற்றோரும் வந்து பின்வரிசையில் உட்காரலாம். மதிப்பெண்ணுக்கெல்லாம் கிடையாது. அந்த வாரம் அந்தப் பிள்ளை செய்த ஒரு நல்ல காரியத்தை டீச்சர் ஒரே வரியில் எழுதிச் சத்தமாகப் படிப்பார். எதற்கெல்லாம் கொடுக்கிறார்கள் தெரியுமா? கண்டெடுத்த காலுறை தன்னுடையதல்ல என்று ஒப்புக்கொண்டதற்காக ஒருவனுக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மியதற்காக ஒருத்திக்கு. நம் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் திருப்பிக்கொண்டுதான் தும்முகிறோம், யார் கொடுத்தார்கள்? உன் மருமகள் ஒன்றாம் வகுப்பில் ஒன்று வாங்கியதோடு சரி. இந்த வருஷம் மூன்றாம் வகுப்பில் மொத்தம் முப்பது பிள்ளைகள், முப்பத்து மூன்று வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது. முப்பத்து மூன்றுக்கும் நான் வேலையில் அனுமதி வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். இரண்டு முறை வாங்கினவர்கள் உண்டு, ஒருவன் மூன்று முறை வாங்கினான். இவள் பெயரை ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நீ சொல்வாய். சரி, நான் காக்கைதான், ஆனால் கணக்குத் தெரிந்த காக்கை.

வகுப்பு டீச்சரிடம் போய்க் கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்க்காமல் பக்கத்தில் நின்ற என் மகளைப் பார்த்துக்கொண்டே, “உங்க பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு சார், நீங்க கவலைப்படாம இருங்க” என்றார். கவலைப்படாதே என்று ஒருவர் சொன்னால் அங்கே கவலைப்பட ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நானே சொல்வேன், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம். எனவே மகளுக்கு வீட்டில் பயிற்சி ஆரம்பித்தேன். யார் வந்தாலும் கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். எனக்காக ஒரு நாள் செய்தாள். வகுப்பு முழுவதும் வெளியே போயிற்று, அடுத்த வகுப்பு உள்ளே வந்தது, அதுவும் வெளியே போயிற்று. இவள் கதவைப் பிடித்தபடியே நின்றதில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அந்த வாரச் சான்றிதழ், அவளுக்குச் சாப்பாட்டை எடுத்து வந்து கொடுத்த பையனுக்குப் போயிற்று.

பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை, அப்பன் முகம் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? பள்ளித் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்ததும் முதல் ஆளாகப் போனேன். ஒரு மூலையில் களை மண்டிக் கிடந்தது. எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவன் நான், அரை மணி நேரத்தில் ஒன்று விடாமல் பிடுங்கி எறிந்தேன். கடைசிச் செடியைப் பிடுங்கும்போதுதான் பக்கத்தில் ஒரு குச்சியும், குச்சியில் ஒரு பெயரும் தெரிந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக நட்டு, தினமும் அளந்து எழுதிக்கொண்டிருந்த அவரைச் செடிகள் அக்கா அவை. வாட்ச்மேன் பார்த்துவிட்டு, “இருபத்தாறு பிள்ளைங்க சார், நாளைக்குக் காலையில வந்து நிப்பாங்க” என்று மட்டும் சொன்னார். நாற்றுப்பண்ணைக்கு ஓடி இருபத்தாறு அவரைச் செடி வாங்கி வந்து நட்டேன். அங்கே இருந்ததெல்லாம் முழங்கால் உயரம், சிலவற்றில் பூ வேறு. மறுநாள் காலையில் பிள்ளைகள் வந்து பார்த்தால், விரல் உயரச் செடியெல்லாம் ஒரே நாளில் முழங்கால் உயரம் வளர்ந்து பூத்து நிற்கின்றன. பக்கத்து வகுப்பெல்லாம் வரிசையாக வந்து பார்த்தது. அந்த வெள்ளிக்கிழமை, “பொறுமையாகத் தண்ணீர் ஊற்றியதற்காக” ஒரு குட்டிப் பெண் மேடையேறினாள். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டினேன், வேறு வழி?

அடுத்தது விளையாட்டு விழா. ஓட்டப் பந்தயத்தில் முடிவுக்கோட்டு ரிப்பனின் ஒரு முனையைப் பிடிக்கிற வேலை எனக்கு, மறுமுனை வாட்ச்மேனுக்கு. உன் மருமகள் ஓடி வந்தாள். ஓடி வந்தாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், எல்லாருக்கும் பின்னால் யாரிடமோ பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு மனசு கேட்குமா? “வாடா கண்ணு, காலை எட்டிப் போடு” என்று கத்திக்கொண்டே அவளை நோக்கி ஓடினேன். ரிப்பன் கையில் இருந்ததை மறந்தேபோனேன். வாட்ச்மேன் நின்ற இடத்திலேயே நின்றார், நான் ஓட ஓட முடிவுக்கோடும் என்கூடவே வட்டமடித்து வந்தது. முதலில் வந்தவன் ரிப்பனைத் தேடி நின்றான், மூன்றாவதாக ஓரமாக வந்தவன் வயிற்றில் ரிப்பன் தானாகவே போய் விழுந்தது. அவனுக்குக் கோப்பை. சண்டை பிடிக்காமல் அதை ஏற்றுக்கொண்டதற்காக முதலில் வந்தவனுக்கு வெள்ளிக்கிழமைச் சான்றிதழ். ஆக, என் புண்ணியத்தில் இந்த வருஷம் மூன்று பிள்ளைகள் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். ஊரார் பிள்ளையெல்லாம் நன்றாகத்தான் வளர்கிறது.

இனி நேற்று நடந்ததற்கு வருகிறேன், வருஷத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. பெரியவர்கள் நாற்காலி பற்றாமல் பின்வரிசையில் ஒன்றாம் வகுப்பு நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள், இரண்டு பக்கமும் கை வைத்த சின்ன நாற்காலி. எப்படியோ அமுக்கி உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் வகுப்புக்கு வேறு யாரோ ஒரு பெயரைப் படித்தார்கள். எனக்கு அடக்க முடியவில்லை. எழுந்து நின்று, “டீச்சர், எங்க பொண்ணு வருஷம் பூரா ஒரு நல்ல காரியம்கூடவா பண்ணலை?” என்று கேட்டேன். தலைமையாசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கூடம் முழுவதும் சிரிப்பு. என்னடா என்று திரும்பிப் பார்த்தால் நாற்காலியும் என்னோடு எழுந்து நிற்கிறது. திரும்பியதில் அது பக்கத்திலிருந்த ஒருவரின் தலையில் வேறு இடித்தது. வாட்ச்மேன் வந்து, “இப்படியே நடந்து வாங்க சார்” என்று என்னை முன்னால் விட்டு நாற்காலியைப் பின்னால் பிடித்துக்கொண்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி தன் அறைக்குக் கூட்டிப்போனார். திருப்புளி போட்டு ஒவ்வொரு திருகாணியாகக் கழற்ற இருபது நிமிஷம் ஆயிற்று. கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு சட்டென்று நின்றது. நான் வெளியே வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது.

வீடு வரும்வரை மகள் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். பிள்ளை மனசு உடைந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அவளை மதிக்காத இடத்தில் அவள் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. என் வீட்டுக்காரி என்ன சொல்கிறாள் என்று கேட்பாய். “அவளுக்கா சர்டிபிகேட் வேணும், உங்களுக்கா?” என்கிறாள். இப்படிப் பேசுகிறவளிடம் என்ன யோசனை கேட்பது? நான் தீர்மானித்துவிட்டேன். படிவத்தை மறக்காதே.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகள் பேரும் புகழுமாக இருக்கட்டும், அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லி அவர்களைத் தைரியப்படுத்து.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடி மகளின் புத்தகப் பையைத் திறந்தேன். கணக்குப் புத்தகத்துக்கு அடியில் நான்காக மடித்த காகிதங்கள் இருந்தன. இந்த வருஷத்துச் சான்றிதழ்கள் அக்கா, மொத்தம் ஐந்து. புதிதாகச் சேர்ந்த பெண்ணைத் தன் பக்கத்தில் உட்காரவைத்ததற்காக ஒன்று, ஓட்டப் பந்தயத்தில் அழுதுகொண்டே வந்தவளை விட்டுவிட்டு ஓடாததற்காக ஒன்று. எல்லாவற்றிலும் பெற்றோர் கையெழுத்து, என் மனைவியுடையது. போய்க் கேட்டால் அவள் கறிகாய் நறுக்குவதை நிறுத்தாமல் சொல்கிறாள்: “ஒண்ணாங் கிளாஸ்ல வாங்கினதை நகல் எடுத்து நீங்க வேலை பாக்கிற பதினாலு லிஃப்ட்லயும் ஒட்டினீங்க. இவ வகுப்புல பாதிப் பிள்ளைங்க அந்தக் கட்டடங்கள்லதான் இருக்கு. அதனால, மேடையில கூப்பிடாதீங்க, வகுப்பிலேயே குடுத்துடுங்கன்னு அவளே டீச்சர்கிட்ட கேட்டுக்கிட்டா. உங்க மனசு நோகும்னு சொல்லலை.”

ஐந்தாவது நேற்றுத் தேதி போட்டது. டீச்சரின் ஒரு வரியை அப்படியே எழுதுகிறேன்: “அப்பாவைப் பார்த்து எல்லாரும் சிரித்தபோது எழுந்து நின்று, ‘அது எங்க அப்பா, எனக்காகத்தான் வந்திருக்கார்’ என்று சொன்னதற்காக.”

படிவம் வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். ஐந்தையும் மடித்திருந்தபடியே பையில் வைத்துவிட்டேன், நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. கடைசிச் சான்றிதழுக்கு மட்டும் ஒரே ஒரு நகல் எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். பீரோவுக்குள் வைத்துக்கொள். உங்கள் கட்டடத்து லிஃப்டில் ஒட்டிவிடாதே.