காற்றோட்டம் குறித்து ஓர் உரை

உதவி செய்தே தீருவது என்று கிளம்பிவிட்ட படித்த பெண்ணைத் தடுத்து நிறுத்த ஊரில் எவராலும் ஆகாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கோயமுத்தூரில், நான் அப்படியொரு பெண்ணாக இருந்தேன். கைக்குழந்தையோடு தனியே அல்லாடும் மில் தொழிலாளர் வீடுகளுக்குப் போய், குழந்தையைச் சற்றுப் பார்த்துக்கொண்டு தாயைத் தூங்கவைப்பது எங்கள் மாதர் சங்கத்தின் தொண்டு. எனக்கு அப்போது குழந்தை இல்லை. ஆனால் குழந்தை வளர்ப்பைப் பற்றி மூன்று புத்தகங்கள் படித்திருந்தேன். (ஒன்றை இரண்டு முறை.)

முதன்முதலில் என்னை அனுப்பியது மாராத்தாள் என்பவளின் வீட்டுக்கு. பிரசவமாகி மூன்று மாதமாகியும் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, கணவன் மில்லுக்குப் போய்விட்டால் ஒத்தாசைக்கு ஆளில்லை என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளைக் கதர்ப் புடவையும் தோல் பையுமாக அந்த வீதியில் நான் நுழைந்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பக்கத்து வீதியில் பெரியம்மைத் தடுப்பு ஊசி குத்த வந்தவளும் இதே கோலத்தில்தான் வந்தாள் என்பது எனக்குத் தெரியாது. மாராத்தாளின் மூத்த பிள்ளை ஊசி குத்திய சில நாளில் காய்ச்சலில் இறந்ததும், ஊசிதான் அதைக் கொண்டுபோயிற்று என்று அவள் நம்பியதும் தெரியாது.

வாசலில் நின்று நான் கேட்ட முதல் கேள்வி, இங்கே கைக்குழந்தை இருக்கிறதல்லவா என்பது.

"இல்லீங்க. அன்னூருக்கு, அப்பச்சி ஊட்டுக்குப் போயிருக்குதுங்க."

மூன்று மாதக் குழந்தை தாயை விட்டுவிட்டுத் தாத்தா வீட்டுக்கு விருந்து போயிருப்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. அவள் சேலையின் முன்புறம் பாலில் நனைந்திருந்தது. காய்ச்சல் வியர்வை என்று தீர்மானித்தேன்.

எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவர் யமனே ஆனாலும் "உக்கோருங்க" என்று சொல்லாமல் வாய் நிற்காது. அவளும் சொல்லிவிட்டாள். சொன்ன கணமே அவள் முகம் வெளுத்தது. அந்த அறையில் உட்காரத் தக்கதாக இருந்தது, மில்லில் கழித்துப் போட்ட ஒரு மரப்பெட்டி மட்டுமே. சற்றே விலகிக் கிடந்த மூடிப் பலகையைச் சரியாகப் பொருத்தி, மேலே கிடந்த சாக்கையும் நேராக்கி, பாங்காக உட்கார்ந்தேன். (அந்நாளிலேயே எனக்குக் கனத்த உடம்பு.)

வந்த நேரம் வீணாக வேண்டாம் என்று, சிசுக்களுக்குக் காற்றோட்டம் எவ்வளவு அவசியம் என்பதை அவளுக்கு எடுத்துரைக்கத் தொடங்கினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன ஒரு கவனம் என்று எனக்கு மனம் நிறைந்தது. நேரமாகவில்லையா என்று இரண்டொரு முறை கேட்டாள். அவசரமில்லை என்றேன்.

பிராணவாயுவுக்கு வந்தபோது எனக்கடியில் ஏதோ உரசியது. எலி என்று எண்ணிக் கால்களை மட்டும் தூக்கிக்கொண்டேன். மாராத்தாள் சுவரைப் பிடித்தபடி எழுந்து நின்றாள். அப்போதும் அவள் குரலில் மரியாதை குறையவில்லை.

"அம்மிணி, கொஞ்சம் எந்திரிச்சுக்குங்க. உள்ள எங்கொழந்தை இருக்குதுங்க."

பலகையைத் தூக்கியது அவளா நானா என்பது நினைவில்லை. பழந்துணிமேல் கிடந்த பையனின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அவள் அவனை வாரியெடுத்து வெளிச்சத்துக்கு ஓடினாள், முகத்தில் ஊதினாள், உள்ளங்காலைச் சுண்டினாள். மூன்று புத்தகங்களிலிருந்து ஒரு வரிகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. பிறகு அவன் வீறிட்டான். சாத்தியிருந்த கதவுகளெல்லாம் திறந்தன.

நான் மண்தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆறுதல் சொல்லும் வேலையும் காய்ச்சல்காரிக்கே வந்து சேர்ந்தது. "அளுவாதீங்க. ஊசி குத்த வந்தவங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்க" என்றாள். நான் வந்த காரணத்தை விக்கி விக்கிச் சொன்னேன். அவள் வெகுநேரம் என்னைப் பார்த்தாள். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, என் புடவைத் தலைப்பை ஒரு கையால் இறுகப் பற்றியபடியே தூங்கிப்போனாள்.

அந்தப் பையன் பழனிச்சாமிக்கு இப்போது மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால், நான் உட்காரும்வரை அவன் உட்காருவதில்லை. புதிதாக வந்த என் கடைசி மருமகள் அந்தப் பணிவைக் கண்டு உருகி, அதை அவனிடமே சொன்னாள்.

"பணிவெல்லாம் இல்லீங்க" என்றான் அவன். "அம்மிணி எங்க உக்கோர்றாங்கன்னு பாத்துக்கிட்டா எனக்கு நல்லதுங்க."