குரங்கு விரட்டிய கச்சேரி

சின்ன வயதிலிருந்தே அளந்துவிட்டுப் பழகியவன் நான். அதனாலேயே எப்போதாவது ஒரு உண்மையைச் சொல்லி, அதை யாரும் நம்பவில்லை என்றால் எனக்குப் பொறுக்காது.

விஷயம் ஒரு ராக் கேசட். மேடைக் கச்சேரியை அப்படியே பதிவு செய்தது. ஏற்காட்டில் என்னோடு படித்தவன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. அதன்பின் அது எங்கும் விற்பனைக்கு வரவில்லை, நெட்டிலும் கிடையாது. பழைய ராக் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில், அது என்னிடம் இருக்கிறது என்றேன். (இருந்தது என்று சொல்லியிருக்கலாம். வாய் கேட்கவில்லை.) அப்படி ஒரு கேசட்டே வந்ததில்லை என்றார் அட்மின். ஞாயிறு காலை நேரலையில் போட்டுக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் குழுவை விட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பானது.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. கடைசியில் ஏற்காடு மலையில், கரடியூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அதுவா கண்ணு, நம்மூட்லதான் இருக்குது. தெனமும் போடறமே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பியும் ஆரஞ்சுமாக இருக்கும் தோட்டத்தில் இப்படி ஒரு ரசிகையா!

ஞாயிறன்று போனால், டேப் ரெக்கார்டர் பிளாஸ்டிக் பையைப் போர்த்திக்கொண்டு ஆரஞ்சு மரத்தில் தொங்குகிறது. குரங்குத் தொல்லைக்காம். மாமா விளக்கினார்.

"பாட்டுக்கெல்லாம் கொரங்கு சும்மா கேட்டுக்கிட்டு ஒக்காந்துக்குதுங்க மாப்ள. கடைசில கூட்டம் கத்துது பாருங்க, அதுக்குத்தான் ஓடுது."

சகித்துக்கொண்டு போனைக் கல்மேல் நிறுத்தி நேரலையைத் தொடங்கினேன். கடைசிப் பாட்டு ஓடியது. இல்லாத முடியைச் சிலுப்பிக்கொண்டு கண்மூடித் தலையாட்டினேன். பாட்டு முடிந்து கூட்டம் ஆர்ப்பரித்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம். கேசட்டில் கூட்டம் கத்தினால், யார் எந்த வேலையில் இருந்தாலும் கையில் கிடைத்ததைத் தட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்து ஓட வேண்டும். அக்கா தகர டின்னோடு ஓடிவந்தாள், மாமா சாப்பிட்ட தட்டோடு வந்தார், பின்னாலேயே இரண்டு நாய்கள். "பழத்தை வெச்சுட்டு ஓடு" என்று அக்கா போட்ட சத்தம் சேலம் வரை கேட்டிருக்கும். வேண்டாம் என்று நான் கை வீசினேன். கை வீசிய பக்கம் குரங்கு இருப்பதாக நினைத்து அக்கா அங்கேயும் ஓடித் தட்டினாள். இதற்குள் டேப் சிக்கி, துண்டுதுண்டாக அறுந்தே போனது.

போனை அணைத்துவிட்டு, மானம் போய்விட்டது என்று புலம்பினேன்.

"கொரங்கு போயிருச்சில்ல கண்ணு," என்றாள் அக்கா.

சாயங்காலம் பயந்துகொண்டே குழுவைத் திறந்தேன். அட்மின் மன்னிப்புக் கேட்டிருந்தார். நேரலையை அவர் பதிவு செய்து வைத்திருந்தார். கேசட் போய்விட்டதால், அந்தப் பாட்டுக்கு எங்களுக்குத் தெரிந்து மிச்சமிருப்பது அந்தப் பதிவு ஒன்றுதான். எங்கெங்கோ இருக்கும் ரசிகர்கள் இன்றைக்கு அதைத் தகரச் சத்தத்தோடும் நாய்க் குரைப்போடும்தான் கேட்கிறார்கள். தகரம் தட்டிய பெண் யார் என்று ஒருவர் விசாரித்திருந்தார். என் அக்கா என்று பதில் எழுதியபோது எனக்கு அப்படியொரு பெருமை.

அக்காவுக்கு என்னைவிடப் பெருமை. சொந்தக்காரர் கல்யாணங்களில் இப்போது என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்:

"என்ற தம்பிங்க. நான் தகரம் தட்டுன பாட்டுக்கு இவந்தான் படம் புடிச்சான்."