ஏகாம்பரம் அண்ணன்கிட்ட சாவுக்குப் பர்மிஷன் கேக்கப் போன கதை

போன ஞாயித்துக்கெழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். திருப்பாச்சூர் போவணும். ஏகாம்பரம் அண்ணனைப் பாக்கணும். "அண்ணே, அடுத்த வாரம் நீங்க செத்துடுவீங்க, பரவால்லியா?"ன்னு கேக்கணும். பதினோரு மணிக்குள்ள ஊடு திரும்பி மீன் கொழம்பு வெக்கணும்.

பதறாதீங்க மக்களே. சாவு கதையிலதான்.

புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிடறேன். நான் காக்களூர்ல பாட்டில் மூடி பண்ற கம்பெனில குவாலிட்டி செக்கிங். எட்டு மணி நேரம் மூடியத் தொறந்து தொறந்து மூடிப் பாக்கறதுதான் வேலை. அதுக்கு நடுவுல எப்படியோ எனக்கு நாவல் எழுதுற ஆசை தொறந்துகிச்சி. அத மூடத்தான் தெரியல.

லாரிக்காரங்க கதை. வாரத்துக்கு ஒரு அத்தியாயம். கம்பெனி ஆளுங்க பூரா படிப்பாங்க. ஓசியிலதான்.

எங்க ஊட்டுக்காரரு கும்மிடிப்பூண்டில ஃபோர்க்லிஃப்ட் ஓட்றாரு. ரெண்டு மாசம் பொறுமையா பாத்துக்கினு இருந்துட்டு ஒரு நாள் கேட்டாரு.

"புக்கு எப்ப முடியும்?"

"ரெண்டு வருசம் ஆவும்."

"அது வரைக்கும் இன்னா பண்ணுவ?"

"எழுதுவேன்."

"அது சரி. டப்பு?"

ஆந்திரா பார்டர்ல வேலை பாக்கற ஆளு. டப்புன்னா காசு. அவருக்குத் தெலுங்குல தெரிஞ்ச ஒரே வார்த்த அதான். அதையும் கரெக்டான எடத்துல போட்டுட்டாரு.

ரோசம் வந்துடுச்சி. புக்கு முடியற வரைக்கும் எதுக்குக் காத்துக்கினு இருக்கணும்? எழுதும்போதே சம்பாதிச்சா இன்னா? யோசிச்சி யோசிச்சி ஒரு ஸ்கீம் கண்டுபிடிச்சேன்.

ஐநூறு ரூவா குட்த்தா, கதையில வர்ற ஒரு ஆளுக்கு உங்க பேரை வெப்பேன்!

மொத ஆளா வந்தவருதான் ஏகாம்பரம் அண்ணன். எங்க கம்பெனி பஸ் டிரைவரு. "தங்கச்சி, எனக்கு நல்ல ரோலா குடு"ன்னு சில்லறையா இல்லாம ஒரே நோட்டா நீட்டுனாரு. லாரி ஓனர் ரோல் குட்த்தேன். அவரப் பாத்து இன்னும் பத்து பேரு. அந்தக் காசுல ஒரு பழைய லேப்டாப் வாங்கிட்டேன். அதுல 'ழ' வர்ற கீ மட்டும் வேலை செய்யாது (இத போன்ல அடிக்கறேன்). அதனால என் கதையில யாரும் அழ மாட்டாங்க. அலுவாங்க.

பன்னெண்டாவது அத்தியாயத்துலதான் பேஜாரு ஆரம்பிச்சிது.

லாரி ஓனரு செத்தாதான் அவரு பொண்ணு ஸ்டீயரிங் புடிக்கும். அந்தப் பொண்ணு ஸ்டீயரிங் புடிச்சாதான் கதை நகரும். ஓனரைத் துபாய்க்கு அனுப்பிப் பாத்தேன். கோமாவுல போட்டுப் பாத்தேன். ம்ஹூம். ஆளு செத்தே ஆவணும்.

ஆனா காசு குட்த்த மனுசனைச் சொல்லாம கொல்றது நாயமா? அவரு கோச்சிக்கினு காசைத் திருப்பிக் கேட்டா, மத்த பத்து பேரும் கேப்பாங்க. லேப்டாப்பைப் பதினோரு துண்டாவா ஒடைச்சிக் குடுக்க முடியும்?

அதான் நேர்லயே போய்ப் பக்குவமா சொல்லிடலாம்னு, அரை கிலோ மிக்சர் வாங்கிக்கினு ஷேர் ஆட்டோ ஏறுனேன்.

ஏறுன நான் சும்மா இருந்திருக்கலாம்.

செல்வின்னு எனக்கு ஒரு ஃபிரெண்டு. பேக்கிங் செக்சன். நான் எழுதற எதையும் மொதல்ல அவளுக்குத்தான் சொல்வேன். அவளுக்குப் படிக்க நேரம் இல்லை. அதனால வாய்ஸ் மெசேஜ்ல சொல்லிடுவேன், சமைச்சிக்கினே கேப்பா. அன்னிக்கும் போனை எடுத்து அந்தச் சாவு சீனைச் சொன்னேன்.

"செல்வி, மனசைத் தேத்திக்கோ. ஏகாம்பரம் அண்ணன் போயிட்டாருடி. காலைல நாஷ்டா துன்னுக்கினு இருந்த மனுசன், அப்பிடியே செவுத்துல சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்குக்கூட எடுத்துனு போவல. நான் இப்ப அவரு ஊட்டுக்குத்தான் போய்க்கினு இருக்கேன். அண்ணி மூஞ்சில எப்படி முழிப்பேன்னு தெரியல."

எனக்கு மூணு நாளா ஜலதோசம். மூக்கு அடைச்சிக்கினு ஒவ்வொரு வார்த்தைக்கும் உறிஞ்சி உறிஞ்சிப் பேசுனேன். ஆட்டோவுல பக்கத்துல இருந்த ஒரு அம்மா என் முதுகைத் தடவிக் குட்த்தாங்க. ஜலதோசத்துக்குத் தடவறாங்கன்னு நெனச்சேன்.

அனுப்பிட்டு, போனைப் பையில போட்டேன். போன் சைலண்ட்ல இருந்துச்சி. நடுவுல ஆட்டோ பஞ்சராயி, போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆச்சி.

ஏகாம்பரம் அண்ணன் ஊட்ல நான் போவும்போது பூரி. லுங்கி கட்டிக்கினு, செவுத்துல சாஞ்சிக்கினு, ஆறாவது பூரியில இருந்தாரு.

"வா தங்கச்சி! அலமேலு, ரைட்டர் வந்துகீது பாரு! பூரி போடு!"

அலமேலு அண்ணி சமையக்கட்டுலேர்ந்தே எட்டிப் பாத்தாங்க. "வாம்மா. ஒன்னாலதான் இந்த ஆளு அலம்பல் தாங்கல. தெரு பூரா லாரி ஓனர்னு சொல்லிக்கினு சுத்தறாரு. நேத்து கறிக்கடையில கடன் கேட்டிருக்காரு, லாரி வந்ததும் தரேன்னு."

அண்ணன் அதைக் கண்டுக்கவே இல்லை. "ஏம்மா, அடுத்த வாரம் நான் ரெண்டாவது லாரி எடுக்கறேனா? பத்து சக்கரமா பாத்துக் குடு."

நான் பாதி பூரிய அப்பிடியே கையில புடிச்சிக்கினேன்.

"அண்ணே, லாரி எல்லாம் நல்லாத்தான் போவுது. ஆனா..."

"ஆனா?"

"லாரி போவுது. நீங்களும் போறீங்க."

"எங்க, லோடு ஏத்திக்கினா?"

"இல்லண்ணே. மேல."

அண்ணன் மேல பாத்தாரு. ஃபேன் சுத்திக்கினு இருந்துச்சி. அப்பறம் என்னைப் பாத்தாரு. கையில இருந்த பூரி மெதுவா தட்டுல எறங்குச்சி.

"இன்னாமா இது? ஐநூறு ரூவா குட்த்து நானே சாவணுமா? ஓசியிலயே சாவலாமே!"

"கதைக்கு அவசியம்ணே."

"அந்த கேண்டீன் சேகரும்தான் காசு குட்த்தான். அவனைக் கொல்லு!"

"அவரு பேரை மாட்டு டாக்டருக்கு வெச்சிட்டேன். அவரு செத்தா கதைக்கு ஒண்ணும் ஆவாதுண்ணே. நீங்க செத்தாதான் ஜனங்க உருகும்."

கொஞ்சம் எறங்கி வந்த மாதிரி இருந்துச்சி. அதுக்குள்ள அண்ணி கரண்டியோட வந்து நின்னாங்க.

"இந்த ஆளு செத்தா லாரி யாரு பேருக்கு வரும்?"

"உங்க பொண்ணு பேருக்கு அண்ணி."

"அப்ப சரி. கொன்னுடு."

"அடியேய்!"ன்னு அண்ணன் கத்தறதுக்கும், வாசல்ல ஒரு ஆம்பளை "அண்ணா!"ன்னு ஓலமிடறதுக்கும் சரியா இருந்துச்சி.

எட்டிப் பாத்தா, பைக்கைத் தெருவுலயே சாய்ச்சிப் போட்டுட்டு, செருப்பு ஒரு பக்கம், ஹெல்மெட்டு ஒரு பக்கம் பறக்க ஒருத்தர் நெஞ்சுல அடிச்சிக்கினு ஓடி வர்றாரு.

அண்ணி என் காதுல, "இவுரு தம்பி முனுசாமிம்மா. மணவாள நகர்ல இருக்காரு. பொண்ணு காதுகுத்துப் பத்திரிகைய நாங்க நேர்ல போய் வெக்கலன்னு ஆறு வருசமா பேச்சே இல்ல. இப்ப இன்னாத்துக்கு வர்றாரு?"ன்னாங்க.

முனுசாமி உள்ள நுழைஞ்சாரு. செவுத்துல சாஞ்சிக்கினு இருந்த அண்ணனைப் பாத்தாரு. அப்பிடியே கால்ல உழுந்து கட்டிப் புடிச்சிக்கினாரு.

"ஆறு வருசம் வீம்பு புடிச்சி ஒன் மூஞ்சிய பாக்காம போயிட்டனே அண்ணா! பத்திரிகை இன்னா பெரிய பத்திரிகை! நீ தபால்ல போட்டிருந்தாலும் நான் வந்திருக்கணும்!"

"டேய், கால விடுடா, கூசுது"ன்னாரு ஏகாம்பரம் அண்ணன்.

முனுசாமி அலறுன அலறல்ல எதிர் ஊட்டு நாய் கட்டை அவுத்துக்கினு ஓடிடுச்சி.

அப்பத்தான் தெருவுல ஹாரன் சத்தம். தெனமும் கேக்கற ஹாரன். வெளிய வந்து பாத்தா, ஏகாம்பரம் அண்ணன் ஓட்ற பஸ்சே அவரு ஊட்டு வாசல்ல வந்து நிக்குது! ரிலீஃப் டிரைவர் பாபு ஸ்டீயரிங்ல. உள்ள முப்பது பேரு. எங்க மூடி கம்பெனியே மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு எறங்குது. முன்னாடி ரெண்டு பேரு, ஆள் ஒசரத்துக்கு ரோஜாப்பூ மாலை.

பையில கைய உட்டுப் போனை எடுத்தேன்.

நூத்தி எட்டு மெசேஜ்.

செல்விக்கு அனுப்பல. செல்வி பேருக்கு மேல இருந்த 'பஸ் ரூட்' குரூப்புக்கு அனுப்பிக்கீறேன்.

பூரா கும்புடற கை. எரியற விளக்கு படம். எச்.ஆர். மேடம் இங்கிலீஷ்ல நாலு வரி, 'ஈடு செய்ய முடியாத இழப்பு'ன்னு தமிழ்ல ஒரு வரி. கேண்டீன் சேகரு, 'நேத்துதான் ரெண்டு வடை சாப்ட்டாரு'ன்னு எழுதி அழற பொம்மை. பாபு மட்டும், 'அப்ப நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு நான் வரணுமா? யாராச்சும் சொல்லுங்க'ன்னு மூணு தபா கேட்டிருக்கான்.

கடைசில செல்வி. 'லூசு. இது கதைதானே? போனை எடுடி.' பதினேழு மிஸ்டு கால்.

முனுசாமிக்கும் யாரோ போன் போட்டுச் சொல்லிட்டாங்க. ஏகாம்பரம் அண்ணனுக்கும் எல்லாரும் போன் போட்டுப் பாத்திருக்காங்க. ஞாயித்துக்கெழமை ஆனா அவரு போனை ஆஃப் பண்ணி டிவி மேல வெச்சிடுவாரு. அதையும் சாவுக் கணக்குல சேத்துட்டாங்க.

மாலைக்காரங்க வாசப்படி வரைக்கும் வந்துட்டாங்க. உள்ளேர்ந்து, வாயோரம் கெழங்கு ஒட்டிக்கினு, ஏகாம்பரம் அண்ணன் வெளிய வந்தாரு.

பின்னாடி செருப்பக் கழட்டிக்கினு இருந்தவங்க திரும்ப மாட்டிக்கினாங்க.

பாபுதான் மொதல்ல பேசுனான். "அண்ணே! நீ சாவல?"

"ஏன்டா இவ்ளோ சோகமா கேக்கற?"

"அய்யோ, அந்த மாலைய உள்ள எடுத்துனு வராதீங்க!"ன்னு அண்ணி கரண்டியோட குறுக்க பாஞ்சாங்க. மாலை நடுவாசல்ல நின்னுச்சி. முப்பது தலையும் திரும்புச்சி. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. என் கையில போனு, இன்னொரு கையில பாதி பூரி.

சொல்லிட்டேன். ஆட்டோ, ஜலதோசம், குரூப்பு, எல்லாத்தையும். சொல்லும்போதே லேப்டாப் என் கண்ணு முன்னாடி பதினோரு துண்டா ஒடைஞ்சிக்கினு இருந்துச்சி. எவனோ பின்னாடி, "மாலை மட்டும் ரெண்டாயிரத்தி எரநூறு"ன்னான். "அத ரைட்டருக்கே போடு"ன்னான் இன்னொருத்தன்.

ஏகாம்பரம் அண்ணன் படி எறங்குனாரு. ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கினே நடந்தாரு. தெனம் லேட்டா வந்து பஸ்ஸை நிக்க வெக்கற டிஸ்பாட்ச் பொண்ணு கண்ணு செவந்து நிக்குது. அதுங்கிட்ட கொஞ்ச நேரம் நின்னாரு. பஸ்ஸு டயரைக் கையால தட்டிப் பாத்தாரு. திரும்பி வந்து, இன்னும் தரையிலயே ஒக்காந்துக்கினு இருந்த தம்பியப் பாத்தாரு.

"நாஷ்டா துன்னியாடா?"

"இல்ல"ன்னாரு முனுசாமி. ரெண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கினாங்க. நானும்தான். ஜலதோசம்னு சொல்லிக்கினேன்.

"அலமேலு, எல்லாருக்கும் டீ போடு. இவனுக்கு மட்டும் பூரி."

அப்பறம் என் பக்கம் திரும்புனாரு. நான் கண்ண மூடிக்கினேன்.

"தங்கச்சி, நான் சாவறேன்."

"அண்ணே?"

"நல்லாத்தான்மா கீது. ஆனா ரெண்டு பக்கத்துல முடிச்சிக் கையக் கழுவாத. எட்டு பக்கமாவது வரணும். பஸ்ஸு வந்துச்சின்னு எழுது. முனுசாமி கால்ல உழுந்தான்னு எழுது. அந்த எச்.ஆர். மேடம் மெசேஜோட நிறுத்திக்கிச்சி, நேர்ல வரலன்னும் எழுது."

மாலைய இன்னா பண்றதுன்னு யாருக்கும் தெரியல. கடைசில பஸ்ஸு மூஞ்சிக்கே போட்டுட்டாங்க. ஆயுதபூஜை மாதிரி ஜம்முனு கெளம்பிப் போச்சி.

நான் ஊட்டுக்குப் போவும்போது மணி ரெண்டு. மீன் கொழம்பு இல்ல. முட்டை பொரிச்சிப் போட்டு, நடந்ததைச் சொன்னேன். ஊட்டுக்காரரு மொத்தமும் கேட்டுட்டு, "அப்ப காசைத் திருப்பித் தர வேணாமா?"ன்னாரு. வேணாம்னேன். "செரி, இன்னொரு முட்டை போடு"ன்னாரு.

திங்கக்கெழமை வேலைக்குப் போனேன். கேண்டீன்ல காஃபி வாங்கப் போனா, சேகரு டம்ளரை நீட்டிக்கினே குனிஞ்சி மெதுவா கேட்டாரு.

"ஏம்மா, அந்த மாட்டு டாக்டரு எப்பம்மா சாவாரு?"

மத்தியானத்துக்குள்ள அஞ்சு பேரு வந்துட்டாங்க. டிஸ்பாட்ச் பொண்ணுக்கு மாமியார் அழற மாதிரி வேணுமாம். பாபு காசே கட்டல. அவனும் வந்து, "எனக்கு ஆக்சிடெண்ட் மட்டும் வேணாம்க்கா, டிரைவர் பேரு கெட்டுடும்"ன்னான்.

அதனால மக்களே, இன்னிலேர்ந்து புது ரேட்டு: கதையில உயிரோட இருக்க ஐநூறு, சாவறதுக்கு ஆயிரம், ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்து அழணும்னா ஆளுக்கு நூறு எக்ஸ்ட்ரா.