அல்லேலூயா கண்டக்டரின் கேசட்

கல்வராயன் மலைக்கு பஸ் விட்டவர்கள் எத்தனையோ பேர். பரலோகத்துக்கு பஸ் விட்ட ஒரே மனிதர் எங்கள் அல்லேலூயா கண்டக்டர்தான். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை, நான் உள்பட. கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நாலு வருஷம் தினமும் அவர் பஸ்ஸில் போய் வந்த வாத்தியார் நான். கணக்கு வாத்தியார். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் செய்த இங்கிலீஷ் வேலைக்கு என்னிடம் இருக்கும் ஒரே சமாதானம் இதுதான்.

எல்லாம் ஒரு கேசட்டால் வந்தது. நீர்வீழ்ச்சி பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி அதை சீட்டில் விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். அப்போது வெறும் கண்டக்டராக இருந்த நம்மாள், ஆறு மாசம் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு, சிவப்பாக யார் ஏறினாலும் எடுத்து நீட்டிப் பார்த்தார். ஒரு சேலத்து மார்வாடியிடம்கூட நீட்டினார். கடைசியில் கச்சிராயபாளையம் டீக்கடையில் போட்டுக் கேட்டார். அமெரிக்கப் பட்டிக்காட்டு ஆட்கள் கிடாரைத் தட்டிக்கொண்டு மூக்கால் பாடும் ஏசு பாட்டு. அன்றைக்கு பஸ் இருபது நிமிஷம் லேட்.

"சார், நம்ம கூத்துக்காரன் பாடுற மாதிரியே இருக்குது சார்! அடிவயித்துலேர்ந்து அழுதுக்கினே தாளம் போடுறானுங்க" என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது.

மறுவாரமே பழைய டேப்ரிக்கார்டர் ஒன்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியில் தொங்கியது. வடக்கனந்தல் தாண்டியதும் பாட்டு ஆரம்பம். அர்த்தம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"நீங்க இங்கிலீஷு படிச்சவரு. சொல்லுங்க சார், இன்னா பாடுறான்?"

பஸ் போடும் சத்தத்தில், மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன கோழியோடு, மூக்கால் பாடும் இங்கிலீஷில் நான் எதைக் கண்டேன்? புரிந்த நாலு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மீதியை இட்டுக்கட்டினேன். லாரி டிரைவர் குடித்தான், கெட்டான், ஏசுவிடம் வந்தான் என்றேன். பரலோகத்துக்கு ரயில் போவதாக ஒரு பாட்டு. மலையில் பாதிப் பேர் ரயிலைப் பார்த்ததில்லை என்பதால் அதை பஸ் ஆக்கினேன். அவர் அதை அப்படியே மெட்டில் உட்கார வைத்துவிட்டார்.

"மேட்டுல ஏறுது பஸ்ஸு, மேகத்தத் தாண்டுது பஸ்ஸு, ஏசுதான் டிரைவரு, எடம் இருக்குது ஏறு ஏறு!"

சாமை மூட்டையும் கடுக்காய் மூட்டையுமாக ஏறும் மலை ஜனங்கள் எல்லாம் மலைச்சாமி கரியராமனைக் கும்பிடுகிறவர்கள். பாட்டு நன்றாக இருந்தது, அவர்களும் தாளம் போட்டார்கள். அல்லேலூயா என்ற பெயரை வைத்ததும் அவர்கள்தான்.

மலைப்பாதைக் குலுக்கலில் கேசட் அடிக்கடி சிக்கும், பென்சிலை விட்டுச் சுற்றுவார். ஒரு மழைக்காலத்தில் அது மொத்தமாகச் செத்தது. அதனால் என்ன, எல்லாமே அவருக்கு மனப்பாடம். டேப் தேய்ந்து இழுத்த இடங்களில் அவரும் எருமை கத்துவது போல இழுத்தார். அந்த டேப்பில் கடைசிப் பாட்டு முடிவதற்குள் சுருள் தீர்ந்து பாதி வார்த்தையில் நின்றுவிடும். அவரும் அதே பாதி வார்த்தையில் டக்கென்று நிறுத்திவிட்டு, "டிக்கெட், டிக்கெட்" என்று கிளம்பிவிடுவார்.

நான் இதையெல்லாம் விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சார், ஞானஸ்நானம் வாங்கிக்கலாம்னு இருக்குறேன்" என்றார். எனக்குப் பகீரென்றது.

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்னச் சபை. அதன் போதகர் தென்மாவட்டத்துக்காரர், கண்டிப்பானவர். கேள்வி கேட்டுத் தேறினால்தான் தண்ணீரில் இறக்குவார். தைரியத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார் கண்டக்டர்.

"பரலோகத்துக்கு எப்படிப் போறது?" என்று ஆரம்பித்தார் போதகர்.

"பஸ்ஸுலங்க ஐயா."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "பாவம்னா என்ன?"

"பிராந்திங்க."

"வேற?"

"லாரிய வேகமா ஓட்டுறதுங்க."

"பன்னிரண்டு சீஷர்கள் பேரைச் சொல்லும்."

"கேசட்டுல ரெண்டு பேருதாங்க வர்றாங்க."

"இதையெல்லாம் உமக்கு யாருய்யா சொல்லிக் கொடுத்தது?"

அல்லேலூயா பெருமையாக என் பக்கம் கையைக் காட்டினார். "எங்க வாத்தியாருங்க."

அன்று வெள்ளிக்கிழமை. நான் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் தடவை பத்துக் கட்டளையை ராகம் போட்டுப் பாடி, ஏழாவதில் எருமை இழுப்பு இழுத்து, பெயில். மூன்றாம் தடவையும் பெயில். அதோடு ஆள் ஒடுங்கிப் போனார். ஒரு வாரம் பாட்டு இல்லை. பஸ்ஸில் எஞ்சின் சத்தம் மட்டும்தான், எனக்கே தாங்கவில்லை.

"விடுங்க கண்டக்டரே, தண்ணியில முழுகினாத்தான் சாமியா?" என்று கேட்டேன்.

"அதுக்கில்ல சார். உள்ள போனாத்தான் கேக்க முடியும், ஒரு விசயம் கேக்கணும்" என்றார். அதற்குள் யாரோ இறங்க வேண்டும் என்று கத்த, விசிலை ஊதிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வழக்கமாக மத்தியான பஸ்ஸில் மலைக்குப் போகும் போதகர், அடுத்த நாள் காலை எங்கள் பஸ்ஸில் ஏறினார். கரியாலூரில் ஒரு வீட்டில் ஜெபமாம். மூன்றாவது வளைவிலேயே அவர் முகம் வெளுத்துவிட்டது. கண்டக்டர் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் கொடுத்தார். ஏழாவது வளைவில் சாலைக்குக் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. டிரைவரும் நாலு பேரும் அரிவாளோடு இறங்கிப் போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தோம்.

"இன்னா கண்டக்டரே, ஒரு வாரமா வாயத் தெறக்கல? பாடுங்க!" என்றாள் பலாப்பழம் வைத்திருந்த ஓர் அம்மாள்.

கண்டக்டர் போதகரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாளே ஆரம்பித்துவிட்டாள். பின் சீட்டு சேர்ந்தது, மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் சேர்ந்தார்கள், மொத்த பஸ்ஸும் மேகத்தைத் தாண்டிக்கொண்டு போனது. எருமை இழுப்பு இழுக்க வேண்டிய இடத்தில் ஐம்பது பேரும் ஒழுங்காக இழுத்தார்கள். பாட்டுக்கு மேல் பாட்டாகப் போய், கடைசிப் பாட்டின் பாதி வார்த்தையில் ஐம்பது பேரும் ஒன்றாக நிறுத்தினார்கள்.

போதகர் காத்திருந்தார். பிறகு, "மீதி எங்கே?" என்றார்.

"பாட்டு அவ்ளோதாங்க சாமி" என்றாள் பலாப்பழக்கார அம்மாள்.

"பத்து வருஷமா இந்த மலைக்கு வர்றேன். ஒருத்தர்கூட என்னோட ஒரு வரி பாடினதில்லை" என்று போதகர் மெதுவாகச் சொன்னார். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். "உமக்கு எதுக்குய்யா ஞானஸ்நானம்? கேசட்டை விட்டுட்டு உள்ளதைச் சொல்லும்."

கண்டக்டர் டிக்கெட் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா எனக்கு நாலு வயசுல போயிட்டாங்க ஐயா. கரும்பு வெட்டப் போன எடத்துல பாம்பு கடிச்சிடுச்சி. மொகம் ஞாபகம் இல்லீங்க, போட்டோவும் இல்ல. அந்தக் கடைசிப் பாட்டுல, அம்மா பரலோக வாசல்ல நின்னுக்கினு புள்ளைய அடையாளம் கண்டு கூப்புடுறாங்கன்னு வருது. எங்கம்மா ஏசு பேரக்கூட கேட்டதில்லீங்க, மாரியாத்தாதான் தெரியும். அவங்கள அந்த வாசல்ல நிக்க வுடுவாங்களா ஐயா? இத சபைக்குள்ள வந்தாத்தானே கேக்க முடியும்?"

போதகர் மடியிலிருந்த வேதப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார்.

நான் அர்த்தம் சொன்ன அன்றைக்கு அந்த இடத்தில் கேசட் கரகரவென்று இரைந்து, எனக்கு 'மதர்' என்ற ஒரே வார்த்தைதான் காதில் விழுந்தது. கண்டக்டர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாரே என்று, வாசலையும் அம்மாவையும் அடையாளம் கண்டு கூப்பிடுவதையும் நானே சேர்த்தேன்.

போதகர் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, பாட்டுல அப்படியா இருக்கு?"

"ஆமாங்க ஐயா. நிக்கிறாங்கன்னுதான் இருக்குது" என்றேன்.

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர், கணக்கு வாத்தியாரின் லட்சணமும் தெரிந்தவர். என் பொய் அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. பிறகு அவர் கண்டக்டரின் தோளில் கை வைத்தார்.

"அப்போ நிப்பாங்கய்யா. ஞாயித்துக்கிழமை கோமுகி ஆத்துக்கு வந்து சேரும்."

வந்தார். முழுகினார். எழுந்ததும் பாடுவார் என்று அரை மலையும் வந்து கரையில் நின்றிருந்தது. அவரோ மூக்கைச் சிந்திக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். போதகர் அழகான வேதாகமப் பெயர் ஒன்று வைத்தார், அதையும் யாரும் கூப்பிடவில்லை.

அல்லேலூயாவும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. நான் சொன்ன பொய்களில் அது ஒன்றுக்கு மட்டும் இதுவரை எந்தச் சாமியிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. காலையில் கும்பிடும்போது, எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத அந்த ஏசுசாமியிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அந்த அம்மாவை வாசலில் நிற்க வையுங்கள் சாமி, அவர் பிள்ளை தங்கமான பிள்ளை.