நீலப் பறவை ஜாடி தேறிய விவரம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் நலம். நீங்கள் வீடு மாறி முடிக்கும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன நீலப் பறவைப் பீங்கான் ஜாடியும் இப்போது நலம். அதென்ன "இப்போது" என்று நீங்கள் கண்ணை உருட்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் தூசி தட்டினேன். ஜாடி அலமாரியிலிருந்து இறங்கிப் பதினோரு துண்டாகிவிட்டது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் நானே ஒட்டிவிடலாம் என்று பசையோடு உட்கார்ந்தேன். பறவையின் தலை வாலருகே போய்விட்டது, ஜாடியோடு என் கட்டைவிரலும் ஒட்டிக்கொண்டது, அந்தக் கோலத்திலேயே மனைவி என்னைப் பழம்பீங்கான் பழுதுபார்க்கும் அம்மையாரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் முதலில் விரலை விடுவித்தார். பிறகு ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு சார் ஒட்டினது?"

"வாங்கும்போதே இப்படித்தாங்க," என்றேன்.

"விரலோடயா?"

அதன்பின் மூன்று வாரம் தினமும் போய் வாய்பிளந்து பார்த்தேன் அக்கா. மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து என் பசையை ஊறவைத்து இழை இழையாக எடுத்தார். ஒவ்வொரு விளிம்பையும் பூதக்கண்ணாடி வழியே பார்த்துத் துடைத்தார். வெறும் ஒட்டு நாடாவால் முழு ஜாடியையும் ஒருமுறை நிறுத்திப் பார்த்த பிறகே பசையைத் தொட்டார். தூளாகிப்போன இடத்தைச் சாந்தால் நிரப்பி, இறகுக்கு நீலம் தீட்ட மட்டும் இரண்டு நாள். கிட்டே போய்ப் பார்த்தால் நிறம் ஒரு பொட்டு வெளுப்பு.

"கொஞ்சம் குறையுதேங்க," என்றேன்.

"தள்ளி நின்னா தெரியாது. கையில எடுத்தா தெரியணும். நமக்குப் பின்னாடி பாக்கறவங்கள ஏமாத்தக் கூடாதுல்ல?"

எனக்கு முகம் செத்துப்போயிற்று. "ஒட்டினது நான்தாங்க," என்று அன்றுதான் ஒப்புக்கொண்டேன். "தெரியும் சார்," என்று தூரிகையைக் கழுவப் போய்விட்டார்.

இன்னொன்று. அடிப்பாகத்தில் ஏற்கெனவே ஒரு பழைய ஒட்டு இருந்ததாம். "யாரோ பிரமாதமா ஒட்டியிருக்காங்க, பிரிக்கவே மனசு வரல," என்றார். முப்பது வருடமாக ஒரு கீறல் படாமல் வைத்திருப்பதாகச் சொல்வீர்களே அக்கா! நான் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் கைநேர்த்தியை மெச்சுகிறேன், அவ்வளவுதான். நீங்கள் என்னை மன்னியுங்கள், நானும் உங்களை மன்னித்துவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

உங்கள் சொல் தட்டாத தம்பி

பி.கு.: இதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அந்தப் பழைய ஒட்டு என்னோடதுங்க. உங்க அக்கா பொண்ணு கல்யாணத்தப்ப கைதவறிப் போட்டுட்டேன். அண்ணிக்குத் தெரியாம மாடியில உக்காந்து ஒட்டினேன்," என்கிறாள். ஆகவே நான் உங்களை மன்னித்த வரியை அடித்துவிட்டு, எங்கள் இருவரையும் சேர்த்து நீங்களே மன்னிக்கவும். விஷயம் கேட்ட அம்மையார் அவளைத் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். நானும் வரலாமாம், கையைக் கட்டிக்கொண்டு.