கன்னியப்பனின் சாந்தமான முகங்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். நான் ‘தெரியும் சார்’ ரகம். எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் ஒரு கடலை எண்ணெய்க் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம். அப்போது மேனேஜர் ராமநாதன் சார் என்னைக் கூப்பிட்டார். கம்பெனியின் வெள்ளிவிழா மலரில் போட ஆறு அதிகாரிகளின் படம் வேண்டுமாம். மார்பளவில், கௌரவமாக இருக்க வேண்டும். நல்ல போட்டோகிராபராகப் பார்த்துப் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார்.

“தெரியும் சார்” என்றேன். (அதுவரை நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பள்ளிக்கூட குரூப் போட்டோ. அதிலும் முன்னால் நின்றவளின் ரிப்பன் என் மூக்கை மறைத்துவிட்டது.)

ஊரிலிருந்த இரண்டு ஸ்டூடியோவுக்கும் போனேன். ஒருவர் யார் வந்தாலும் காதில் டெலிபோனைக் கொடுத்துவிடுவார். இன்னொருவர் கழுத்தைச் சாய்த்து, பின்னால் தாஜ்மகால் படுதாவைத் தொங்கவிடுவார். இரண்டும் எங்கள் அதிகாரிகளுக்குச் சரிப்படாது என்று பெரிய மேதைபோல ஒதுக்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் தெருவிலேயே கன்னியப்பன் என்றொரு போட்டோகிராபர் இருந்தார். ஐம்பது வயது, மெதுவான பேச்சு. ஆல்பத்தைக் காட்டினார். அசந்துபோனேன். ஒவ்வொரு முகத்திலும் அப்படியொரு சாந்தம். அசட்டுச் சிரிப்பு இல்லை, முறைப்பு இல்லை. எல்லார் கழுத்திலும் மாலை. (அறுபதாம் கல்யாணப் படங்கள் என்று நினைத்துக்கொண்டேன். கடற்கரைக்காரர்களுக்கு ஆயுசு கெட்டி என்று சந்தோஷம் வேறு.)

எப்படி இவ்வளவு அடக்கமாக உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“நம்மகிட்ட வர்றவங்க ஆட மாட்டாங்கம்மா. அதுல ஒரு பேஜாரும் இல்ல” என்றார்.

என்ன தன்னடக்கம் என்று வியந்து, அங்கேயே நாள் குறித்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை பஸ்ஸில் ஸ்டாண்ட் கேமராவோடு வந்து இறங்கினார். அவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டிருக்க, காத்திருந்த அதிகாரிகள் ஆல்பத்தைப் புரட்டினார்கள். கணக்கு அதிகாரி ஏகாம்பரம் சார் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

“இது எங்க மாமா. இதே படம் எங்க வூட்டுலயும் மாட்டிகீது” என்றார். பிறகு நிதானமாக, “காலையில போனாரு. மத்தியானம் இத எடுத்தாங்க. சாயங்காலம் தூக்கிட்டாங்க.”

கன்னியப்பன் ஒளிக்கவில்லை. இறந்தவர்களைப் படமெடுத்து, மூடிய இமைமேல் திறந்த கண் வரைவதுதான் தன் தொழில் என்றார். இந்தத் தங்கச்சிதானே ஆல்பத்தைப் பார்த்துக் கூப்பிட்டது என்று என்னைக் கை காட்டினார்.

ஒருவர் முகம் கழுவப் போனார். ஒருவர் அன்று நாள் நன்றாக இல்லை என்றார். என் வேலை என் கண்ணெதிரே மாலை போட்டுக்கொண்டு நின்றது. ராமநாதன் சார் மட்டும் அமைதியாக, உயிரோடு இருப்பவர்களை எடுப்பீர்களா என்று விசாரித்தார்.

“எடுப்பேன் சார். ஆனா அவங்க அசைவாங்க.”

சார் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் அசையல. எடுங்க” என்றார். மேனேஜரே உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் எங்கே ஓடுவது?

பத்து நாளில் படங்கள் வந்தன. கன்னியப்பன் தம் தொழிலில் யாரிடமும் ‘ரெடி’ என்று சொன்னதில்லை. இங்கேயும் சொல்லவில்லை. ஆறு பேரும் பயத்தில் கண்ணை மூடிச் சாமியைக் கூப்பிட்ட நேரத்தில் எடுத்திருக்கிறார். அப்புறம் வழக்கம்போல எல்லாருக்கும் கண் வரைந்துவிட்டார். ஆறு பேருக்கும் ஒரே கண். அகலமாக, மை தீட்டியதுபோல, லேசான ஈரத்தோடு. (அது அவர் மனைவியின் கண் என்று அக்கா பிறகு சொன்னாள்.) ஏகாம்பரம் சார் மீசைக்கு மேல் நாட்டியக்காரியாக இருந்தார்.

படங்களோடு என் ராஜினாமாக் கடிதத்தையும் டைப் அடித்துக் கொண்டுபோனேன். ராமநாதன் சார் தம் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“முப்பது வருஷமா எங்க வீட்ல, உங்க பார்வையில கொஞ்சமாவது கருணை இருக்கான்னு கேட்டுட்டிருக்கா. இனிமே காட்டலாம்” என்றார்.

அப்புறம் கடிதத்தை எடுத்து, இரண்டு எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் சுழித்தார். பிழையில்லாமல் அடிக்கக் கற்றுக்கொண்ட பிறகு ராஜினாமா செய்துகொள்ளலாம் என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் படங்களே மலரில் அச்சாயின. போட்டோகிராபரைப் பிடித்தது யார் என்று முதலாளி கேட்டபோது, ராமநாதன் சார் “நான்தான்” என்றாராம். ஏகாம்பரம் சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாரிடம் நன்றி சொல்லப் போனால், போய் வேலையைப் பார் என்றார். இருபத்தெட்டு வருஷம் பார்த்தேன்.

போன வருஷம் பேத்தி கல்யாணத்துக்குப் பேச ஒரு போட்டோகிராபர் பையன் வந்தான். அவன் ஆல்பத்தை நீட்டியதும் என் மகள் முந்திக்கொண்டு வாங்கினாள்.

“இதுல இருக்கறவங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளை விழித்தான். நல்லா இருக்காங்க மேடம், இவங்களுக்குப் போன மாசம்தான் குழந்தை பிறந்தது என்றான். அதன் பிறகே ஆல்பம் என் கைக்கு வந்தது.